சேலைத் தொட்டிலும் 84 நாளும்

என் மகனைத் தொட்டிலில் போட்ட அன்று, அவனுக்கு முன்னால் அதில் படுத்தது அம்மிக் குழவி. பதினாறாம் நாள் காலை அது. அம்மா தன்னுடைய பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து, கூரை மரத்தில் கட்டிய கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். இரண்டு கையாலும் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தார். பிறகு கழுவி மஞ்சள் பூசி வைத்திருந்த குழவியை உள்ளே கிடத்தி, "நீ ஆட்டு புள்ள" என்றார். நான் ஆட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. அவருடைய கண் மேலே மரத்திலும் முடிச்சிலும்தான் இருந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த காலத்தில் இதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். சடங்கு என்றே நினைத்திருந்தேன். குழவி போல் பிள்ளை கெட்டியாக இருக்கட்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அன்றைக்குத்தான் எனக்கு வேறொன்றும் புரிந்தது. எங்கள் வீட்டுக் குழவி ஏழு கிலோவுக்குக் குறையாது. பிள்ளை அன்று மூன்று கிலோ சொச்சம். இரண்டு மடங்குப் பாரத்தைப் போட்டு, ஆட்டி, மரமும் கயிறும் சேலையும் தாங்குகின்றனவா என்று பார்த்த பிறகே பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாயி அவருடைய அம்மாவிடம் கற்று, என் அம்மாவுக்குக் கற்பித்த பாரச் சோதனை அது.

நான் கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூத்தவள் 2022இல் பிறந்தாள். இளையவனுக்கு இப்போது மூன்று மாதம். "கேகாலையில் தமிழர் இருக்கிறார்களா?" என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்று களனி கங்கையின் கிளையாறுகளை ஒட்டிய மலைச்சரிவெங்கும் இருக்கிறோம். மேலே தேயிலை, கீழே இறப்பர். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். என் அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர். அந்த அம்மாவின் கையில் இருக்கும் வேலையைப் பற்றியும், அந்த வேலைக்கு நாம் கொடுக்கத் தவறிய நேரத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கைவேலையைச் சொல்கிறேன்.

மகன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே அம்மா வேலையைத் தொடங்கிவிட்டார். அப்பாவின் பழைய வேட்டிகள் நான்கைக் கிழித்து 24 துண்டுகள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓரம் மடித்துக் கையால் தைத்தார். புதுத் துணி ஏன் கூடாது என்று கேட்டேன். "புதுசு தண்ணி குடிக்காது. நூறு தரம் தொவைச்ச துணிதான் குடிக்கும்" என்றார். அது உண்மைதான். கடையில் துணி வாங்கித் தைத்த இரண்டு துண்டுகளில் ஈரம் மேலேயே நின்றது. வேட்டித் துண்டு உடனே உறிஞ்சியது.

எங்கள் பகுதியில் துணி தைப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரும்பாடு. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் வாரக் கணக்கில் வெயிலைக் காண முடியாது. கொடியில் போட்டது மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும், பூஞ்சண வாடை பிடிக்கும். அடுப்புக்கு மேல் கம்பி கட்டி உலர்த்தினால் புகை ஏறும். அந்தப் புகை பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. அதற்கு அம்மாவிடம் இருந்த வழி இதுதான்: துணியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பிழிந்து, வீட்டின் முன்பக்க இஸ்தோப்பில் காற்று வரும் இடத்தில் நாள் முழுக்கத் தொங்கவிட்டு, இரவில் கரி இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றையும் சூடாகத் தேய்த்து எடுப்பது. 24 துண்டு என்ற கணக்கும் அதற்காகத்தான். எட்டு பிள்ளையோடு, எட்டு கொடியில், எட்டு பெட்டியில்.

இந்தக் கணக்கின் அருமை 2022இல் எனக்குத் தெரிந்தது. மூத்தவள் பிறந்த வருடம் அது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பெற்றோலுக்கு முச்சக்கரவண்டிகள் இரவு பகலாக வரிசையில் நின்றன. பால்மா கடையிலிருந்து மறைந்தது. இறக்குமதியான பிள்ளைத் துணிப் பொதிகளின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் நான் மட்டுமல்ல, ஆசிரியர் அறையில் இருந்த எல்லாத் தாய்மாரும்தான். சம்பளம் வாங்குகிற எங்களுக்கே கை நடுங்கிய அந்த மாதங்களில், லயத்தில் பிறந்த பிள்ளைகள் ஈரத்தில் கிடக்கவில்லை. ஒவ்வொரு லயக் காம்பராவிலும் பழைய சேலையும் அதைத் தைக்கத் தெரிந்த கையும் இருந்தன. நாட்டின் கையிருப்பு தீர்ந்த நாளில் எங்களுடைய கையிருப்பு அதுதான்.

இப்போது என் மகன் படுத்திருக்கும் மெத்தை, அம்மாயி காலத்துப் பாணியில் அம்மா தைத்த ஒட்டுத் துணி மெத்தை. அடியில் மூன்று மடிப்புப் பழைய போர்வை. மேலே என் பள்ளிச் சீருடையின் வெள்ளை, தம்பியின் சட்டைக் கோடு, அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கட்டிப்போன சேலையின் கறுப்புக் கரை. கறுப்பும் வெள்ளையுமான கரைத் துண்டை அவன் முகம் திரும்பும் பக்கத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். பிறந்த சில வாரத்தில் பிள்ளைக்கு நிறங்கள் தெளிவாகத் தெரியாது, கறுப்பு வெள்ளை வேறுபாடுதான் கண்ணை இழுக்கும் என்று ஆசிரியர் பயிற்சியில் நான் படித்தேன். அம்மா எங்கும் படிக்கவில்லை. "கறுப்புக் கரையத்தான் புள்ள பாத்துக்கிட்டே கிடக்கும்" என்றார். ஐந்து பிள்ளை பெற்று, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் வளர்த்துப் பார்த்த கண் அது.

எங்கள் பக்கத்துச் சிங்கள வீட்டு அம்மா, பன் புல்லில் முடைந்த சின்னப் பாய் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். தொட்டிலை அவர்களும் 'தொட்டில்ல' என்றுதான் சொல்கிறார்கள். பால் வெட்டும் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை 'ஒட்டபாலு' என்கிறார்கள். பிள்ளை வளர்ப்பிலும் தொழிலிலும் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஒட்டுப்பால்தான் எங்கள் சிறுவயதுப் பந்து. மரப்பட்டையில் நூல் போல் காய்ந்திருப்பதை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் கைக்கடக்கமான பந்து வரும். நிலத்தில் அடித்தால் கூரைக்கு மேல் எழும்பும். என் மூத்தவளுக்கு அவளுடைய தாத்தா அப்படி ஒன்று சுற்றிக்கொடுத்தார். இளையவனுக்குக் கிலுகிலுப்பை செய்தது நான். ஆடி ஆவணியில் இறப்பர்க் காய் 'பட்' என்று வெடித்துக் கொட்டை சிதறும். பழுப்பில் வரியோடிய வழவழப்பான கொட்டை. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடவுக்கு வந்து இறங்கிய பிரேசில் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இவை. அந்த மரத்துக்காகத்தான் எங்கள் முன்னோரில் பலர் இந்தச் சரிவுகளில் குடியேற்றப்பட்டார்கள். ஏழு கொட்டையைக் கழுவிக் காயவைத்துச் சின்னத் தகர டின்னில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, மேலே துணி உறை தைத்துவிட்டேன். ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பச்சை இறப்பர்க் கொட்டையில் நஞ்சு உண்டு. ஆகவே உறையின் வாயை நான் முடிச்சுப் போடவில்லை, முழுதாகத் தைத்து அடைத்தேன். ஆட்டுவது நானோ அம்மாவோதான். அவன் கையில் பிடித்து வாயில் வைக்கும் பருவம் வந்ததும் டின்னை எடுத்துவிட்டுத் துணிப் பந்து கொடுப்பேன்.

மூத்தவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி வந்த முதல் வாரம் அவள் என் பக்கத்தில் வரவில்லை. இரண்டாம் வாரம் அவனுடைய துணிகளை இழுத்துக் கீழே போட்டாள். நான் அதட்டினேன், அழுதாள், நானும் அழுதேன். பச்சை உடம்போடு, தூக்கம் இல்லாமல், இரண்டு பிள்ளையும் ஒரே நேரத்தில் அழும்போது எந்தப் பயிற்சியும் கை கொடுக்கவில்லை. அம்மாதான் அவளைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்குத் துணி மடிக்க ஆள் இல்லடி, நீ வா" என்று 24 துண்டையும் அவள் முன்னால் வைத்தார். முக்கோணமாக மடிக்கக் கற்றுக்கொடுத்தார். கோணல் மாணலாக மடித்து எட்டு எட்டாக அடுக்கினாள். இன்றைக்கு எட்டு வரை பிழையில்லாமல் எண்ணுகிறாள். மறுநாள் தாத்தாவிடம் தென்னோலைக் கீற்று வாங்கி, கைக்கடிகாரம் முடைந்துகொண்டு வந்து தம்பியின் கையில் கட்டப் பார்த்தாள். அவனுக்கு அது பெரிதாக இருந்தது, என் கையில் கட்டிவிட்டாள். அது காய்ந்து உதிரும்வரை நான் கழற்றவில்லை. தம்பிக்கு ஏதோ செய்துகொடுக்க முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அவனுக்கு அக்காவானாள்.

பிள்ளை வளர்ச்சியைக் கண் வைத்துக் கணக்கெடுப்பது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தன. ஐந்தாம் மாதத்தை ஒட்டித் தலை நிமிர்ந்தாடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கை கொட்டும் சப்பாணி, வருடம் திரும்பும்போது தளர்நடை போட்டு வரும் வாரானை. கடைசிப் பருவங்களில் பிள்ளை சிற்றில் சிதைக்கும், சிறுபறை கொட்டும், சிறுதேர் உருட்டும். பட்டினப்பாலையிலும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. கிளினிக்கில் மிட்வைப் மிஸ் எனக்குத் தந்த சுகாதாரப் பதிவேட்டிலும் எந்த மாதம் சிரிக்கும், எந்த மாதம் கழுத்து நிற்கும், எந்த மாதம் உட்காரும் என்று கட்டங்கள் இருக்கின்றன. எடைக் கோட்டையும் இரண்டாம், நான்காம், ஆறாம் மாத ஊசியையும் நான் ஒரு நாள் தவறாமல் பார்க்கிறேன். அந்தப் பதிவேட்டை மதிக்கிறேன். அதே மதிப்பை அம்மாவின் கறுப்புக் கரைக்கும் கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

இனி நேரத்துக்கு வருகிறேன்.

என் சித்தி மகள், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். எனக்குச் சில வாரம் பிந்தி அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அவளுக்கும் 84 நாள் விடுமுறை, எனக்கும் 84 நாள் விடுமுறை. இலக்கம் ஒன்றுதான், நீளம் ஒன்றில்லை.

அரச ஊழியையான எனக்கு 84 என்பது வேலை நாள். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை எதுவும் அதில் சேராது. முழுச் சம்பளத்தோடு ஏறத்தாழ நான்கு மாதம் வருகிறது. அதற்கு மேலும் வேண்டுமானால் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் 84 நாள் எடுக்கலாம். கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் பெண்களுக்கும் விடுமுறை நாட்களைக் கழித்தே 84 எண்ணப்படுகிறது. தோட்டத்துப் பெண்ணுக்குச் சட்டம் வேறு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவளுக்குக் கிடைப்பது 12 கிழமை. ஞாயிறும் போயாவும் பொங்கலும் தீபாவளியும் எல்லாம் உள்ளடக்கம். பிரசவத்துக்கு முன் இரண்டு கிழமை, பின் பத்துக் கிழமை. 2018இல் வந்த திருத்தம் ஒரு நன்மை செய்தது: அதற்கு முன் மூன்றாம் பிள்ளையிலிருந்து ஆறு கிழமைதான் என்றிருந்ததை மாற்றி எல்லாப் பிள்ளைக்கும் 12 கிழமை ஆக்கியது. நாளை எண்ணும் முறையில் உள்ள இந்த வேறுபாட்டை அது தொடவில்லை.

பத்துக் கிழமை என்றால் 70 நாள். அதே நாட்டின் சுகாதார அமைச்சு, ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காதே என்கிறது. கிளினிக் சுவரில் அது படத்தோடு ஒட்டியிருக்கிறது. தங்கச்சியும் நானும் ஒரே வாங்கில் உட்கார்ந்து அதைப் படித்தோம். நான் தலையாட்டினேன். அவள், "எப்படிக்கா?" என்று என்னைக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பால் வெட்டும் வேலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். விடியும்போது மரத்தடியில் நிற்க வேண்டும். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வெட்டு வாயில் உறைந்து நின்றுவிடும். தனக்கு ஒதுக்கிய நூற்றுக்கணக்கான மரங்களையும் வரிசையாக வெட்டிச் சிரட்டை வைத்து, மறுபடி முதல் மரத்திலிருந்து தொடங்கிச் சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றி, சரிவில் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டு இறங்க முடியாது. மூன்று மாதப் பிள்ளையும் விடியற்காலையில்தான் பசித்து எழும்பும். மரத்தின் பாலுக்கும் மார்பின் பாலுக்கும் ஒரே நேரம். மரத்தின் பாலுக்குத்தான் நாட்கூலி.

சட்டத்தில் இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. தங்கச்சியின் தோட்டத்தில் காம்பரா இருக்கிறது. ஆகவே 30 நிமிடம். அவளுடைய மரங்கள் இருக்கும் மேட்டிலிருந்து காம்பராவுக்கு இறங்க இருபது நிமிடம், ஏற அதற்கும் மேல். போய்வரவே நேரம் போதாத இடைவேளையில் பிள்ளை எப்போது குடிக்கும்? மூத்த பிள்ளைக்கு அவள் இரண்டாம் மாதத்திலேயே போத்தல் பிடித்தாள். அவளுக்கு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது அரை மணி.

இந்தியாவில் 2017இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைக்கும் 26 கிழமை விடுமுறை என்று ஆக்கினார்கள். 2000ஆம் ஆண்டின் சர்வதேச தொழில் அமைப்புச் சமவாயம் குறைந்தது 14 கிழமை என்கிறது. எங்கள் தோட்டத்துத் தாய் இன்னும் 12இல் நிற்கிறாள்.

தொட்டிலும் துணியும் மெத்தையும் பற்றி எழுதத் தொடங்கியவள் சட்டத்துக்கு ஏன் வந்தாள் என்று வாசகர் கேட்கலாம். கைவேலை நேரத்தில் விளைவது. என் மகனுக்கு அம்மா தைக்கவும், நான் அவன் பக்கத்தில் இருந்து அவன் எதைப் பார்க்கிறான் எதற்குத் திரும்புகிறான் என்று கவனிக்கவும், மூத்தவள் மடிக்கவும் எங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது. தங்கச்சியின் வீட்டில் சித்தி இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறார். தைக்கத் தெரிந்த கை அங்கும் இருக்கிறது. அந்தக் கை மாலை ஐந்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறது, அதற்குப் பிறகு விறகும் தண்ணீரும் சமையலும் இருக்கின்றன. 24 துண்டு தைக்க வேண்டிய இடத்தில் பத்துதான் தைத்தார்கள். பத்துத் துண்டு மழைக்காலத்தில் போதாது.

பிள்ளைக்காம்பராவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். என் அம்மாயி காலத்தில் மலையிலேயே மரக்கிளையில் தொட்டில் கட்டி, மூத்த பிள்ளையைக் காவல் வைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். மூத்த பிள்ளையின் படிப்பு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு காம்பரா வந்தது. இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயரோடு, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழிகாட்டலில் பயிற்சி பெற்ற ஆட்களுடன் பல தோட்டங்களில் நன்றாகவே நடக்கிறது. அங்கே இருக்கும் பெண்கள் பிள்ளைகளை அன்போடு பார்க்கிறார்கள். நான் பார்த்த ஒரு காம்பராவில் மட்டும் என் மனம் கனத்தது. கண்ணாடி அலுமாரிக்குள் யாரோ அன்பளிப்பாகத் தந்த பிளாஸ்டிக் பொம்மைகள் பொதி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயம். பிள்ளைகள் வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே காம்பராவின் வாசலில், வேலையிலிருந்து ஓய்ந்த மூன்று பாட்டிமார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலையில் பாம்பும் பீப்பீயும் கடிகாரமும் செய்யத் தெரிந்த ஆறு கைகள் வாசலுக்கு வெளியே இருந்தன.

எங்கள் முன்பள்ளிகளை நாம் இன்றும் 'மொண்டிசோரி' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். கையால் தொட்டு, தூக்கி, அடுக்கி, ஊற்றிக் கற்பதே சின்னப் பிள்ளைக்குப் படிப்பு என்பதுதான் அவருடைய முறையின் அடிப்படை. நம் காலத்தில் அர்விந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் வைத்து விளையாட்டுப் பொருள் செய்து இந்தியப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். அந்த நாட்டு அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஒட்டுப்பால் பந்தும் ஓலைக் கடிகாரமும் அந்த வரிசையில் வைக்கத் தக்கவை.

எனக்கு வரும் மறுப்பு ஒன்று உண்டு. "கந்தல் துணியும் தகர டின்னும் போதும் என்று தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் சொல்கிறாய்? எங்கள் பிள்ளையும் நல்ல பொம்மையோடு விளையாடக் கூடாதா?" ஒரு தகப்பன் பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் நேராகக் கேட்டார். அவர் கோபம் நியாயமானது. இருநூறு வருடமாக எங்களுக்குக் குறைந்ததே போதும் என்று மற்றவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. வாங்க முடிந்ததை வாங்குங்கள். நானும் கிளினிக்குக்குப் போகும் நாளில் கடைத் துணிதான் கட்டுகிறேன். வீட்டில் செய்ததை வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆள் வந்தால் சேலைத் தொட்டிலைச் சுருட்டி மேலே சொருகும் வீடுகளை எனக்குத் தெரியும்.

பழையது எல்லாம் நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைப்பதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம். கண்ணுக்குள் மை எழுதுவதில்லை. கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டுவதில்லை. பகலில் ஆள் பார்த்திருக்கும்போது மட்டும் தொட்டில். இரவில் விரித்த பாயில் மல்லாக்கப் படுக்கவைக்கிறேன், மிட்வைப் மிஸ் சொன்னபடி. பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டும். தொங்கும் சேலையில் மூத்த பிள்ளைகள் தனியாக விளையாட விடவே கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். குழவி போட்டுப் பார்த்த அம்மாவின் எச்சரிக்கையும் மிட்வைப் மிஸ்ஸின் எச்சரிக்கையும் ஒரே அக்கறையின் இரண்டு வடிவங்கள். அம்மா மிஸ் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டார். மிஸ்ஸுக்கும் அம்மாவிடம் கேட்க விஷயம் இருக்கிறது.

அம்மாவின் பாரச் சோதனையை வேறோர் இடத்திலும் நான் பார்த்திருக்கிறேன். 2016 மே 17ஐ எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்து லயத்தின் மேல் மண் இறங்கியது. பிழைத்தவர்களும், அடுத்து எங்கே சரியுமோ என்று அஞ்சி வெளியேறியவர்களும் பாடசாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தங்கினார்கள். அப்போது நான் வேலைக்குப் புதிது. உதவிக்குப் போன ஒரு வகுப்பறையில் பாய், பாத்திரம், மாற்றுத் துணி எதுவும் வந்து சேருமுன் ஒரு மூலையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தான் உடுத்திவந்த சேலையைத் தொட்டிலாகக் கட்டிவிட்டு, யாரோ கொடுத்த சாரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு தாய் பக்கத்தில் நின்றார். அங்கே குழவி இல்லை. அவர் தன் முழங்கையை உள்ளே வைத்துத் தன் பாரத்தையே அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் போட்டார்.

அதனால் கேட்கிறேன். தோட்டத்துத் தாயின் 84 நாளையும் என்னுடைய 84 நாளைப் போல் எண்ணுங்கள். வேலை நாளாக எண்ணினாலே பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அம்மா கிடைப்பார். நாடாளுமன்றத்தில் இருக்கும் மலையகப் பிரதிநிதிகள் எந்தக் கட்சியில் இருந்தாலும் இதை ஒன்றாகக் கேட்கலாம். பாலூட்டும் இடைவேளையைத் தாய் காம்பரா வாசலை மிதித்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவளுக்குக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் மரமோ கொழுந்தோ கொடுங்கள். அதற்குப் பணம் செலவில்லை, கணக்கப்பிள்ளையின் பேனாவில் ஒரு வரிதான். ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவிலும் வாரத்தில் இரண்டு நாள், கைவேலை தெரிந்த ஒரு பாட்டிக்குப் பேர் போட்டு நாட்கூலி கொடுத்து உட்காரவையுங்கள். ஒரு தையல் மெஷினும் ஒரு சாக்குப் பழைய துணியும் அவர் பக்கத்தில் இருக்கட்டும். கர்ப்பிணிகள் கிளினிக் நாளில் அங்கே வந்து தங்கள் 24 துண்டைத் தைத்துக்கொண்டு போகட்டும். அலுமாரியைத் திறந்துவிடுங்கள்.

நான் என் பங்குக்கு, வேலைக்குத் திரும்பியதும் முதலாம் தர வகுப்பில் மாதம் ஒரு நாளைப் பாட்டிமாருக்கு ஒதுக்கப்போகிறேன். அதிபரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். முதலில் வரப்போவது வாசலில் வெற்றிலை இடித்த அந்த மூவர்.

வரும் திங்கட்கிழமை விடிய தங்கச்சி பால் வெட்டப் போகிறாள். அன்றைக்கு அவள் மகளுக்கு 71ஆம் நாள். தொட்டில் சேலையைத் துவைத்து மடித்து, காம்பராவுக்குக் கொண்டுபோக வைத்திருக்கிறாள்.